மேல இருபத்தஞ்சு, கீழ எவ்வளவு?

அந்தத் தூக்குவாளியைக் கொஞ்சம் பிடிங்கக்கா, உக்காந்துக்கிறேன். சாய்ச்சிராதீங்க, உள்ள குழம்பு இருக்கு. ஆமா, மீன்தான். வாடை பிடிக்கலைன்னா ஜன்னலைத் திறந்துக்கோங்க, மூஞ்சியைச் சுளிக்காதீங்க.

பெரியாஸ்பத்திரிக்குத்தான் போறேன். அண்ணனுக்கு. பேரு கிளாட்வின். ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டிருக்கு, கயிறு அறுத்தது. உயிருக்கு ஒண்ணுமில்ல, நல்லா வாய் பேசுறான். அவன் மேல எனக்குப் பாசம் கீசமெல்லாம் கிடையாது. அம்மா கொடுத்துவிட்டா, கொண்டுபோறேன். அவ்வளவுதான்.

படிப்பா? விட்டாச்சு. பத்தாம் வகுப்போட. கணக்குல முப்பத்தொண்ணு.

இருங்க. அடுத்து என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியும். மறுபடி எழுதலாமேம்மா. கோயிலுக்குப் போனா ஒருத்தர் சொல்றாங்க, ரேஷன் கடையில ஒருத்தர் சொல்றாங்க, இப்ப பஸ்ஸுல நீங்க. அந்தப் பேச்சு வேண்டாம். கேட்டுட்டீங்க, அதனால அந்த மார்க் எங்க போச்சுன்னு சொல்றேன். பாதியில இறங்கிராதீங்க. பாதிக் கதை சொல்றது எனக்கு ஆகாது.

பாஸாக நாலு மார்க் குறைஞ்சது. எங்க குறைஞ்சதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஒரே ஒரு கணக்கு. ஒரு நேர்கோடு, அதுல ரெண்டு புள்ளி. ஒரு புள்ளிக்கு ரெண்டு எண்ணும் கொடுத்திருப்பாங்க. இன்னொரு புள்ளிக்கு ஒரு எண்ணுதான் இருக்கும், மத்த எண்ணு இருக்கவேண்டிய இடத்துல 'கே'ன்னு ஒரு எழுத்தைப் போட்டிருப்பாங்க. கோட்டோட சாய்வு இவ்வளவு, கே எவ்வளவு? இதான் கேள்வி.

சாய்வுன்னா பெரிய விஷயமில்ல. ஒய் எவ்வளவு மாறியிருக்கு, எக்ஸ் எவ்வளவு மாறியிருக்கு, அதை இதால வகுக்கணும். எங்க லூர்து டீச்சர் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லுவாங்க: "ஒய் மேல, எக்ஸ் கீழ!" வகுப்பே கத்தும். நானும் கத்தினேன். பரீட்சைத் தாளைப் பார்த்ததும் எது மேல எது கீழன்னு மறந்துபோச்சு. மாத்திப் போட்டேன். அதுகூடப் பரவாயில்ல. "விடை வரலைன்னாலும் ஸ்டெப்பை எழுதுங்கடி, ஸ்டெப்புக்கு மார்க் உண்டு"ன்னு அந்த டீச்சர் தொண்டை கட்டச் சொன்னாங்க. நான் விடையை மட்டும் எழுதி, அடியில கோடு போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். ஸ்டெப்பு எழுத எனக்குப் பொறுமை கிடையாது. விடைதானே கேட்டாங்க?

ரிசல்ட் வந்த அன்னைக்கு கிளாட்வின்தான் போன்ல பார்த்தான். பார்த்துட்டு எங்கிட்ட சொல்லல. தெருவுல நின்னு சொன்னான். அன்னையிலிருந்து என் பேரு முப்பத்தொண்ணு. "ஏட்டி முப்பத்தொண்ணு, தண்ணி கொண்டா." "முப்பத்தொண்ணு, என் லுங்கி எங்க?" எனக்கு டெல்பினான்னு ஞானஸ்நானப் பேரு ஒண்ணு இருக்குங்கறது சாமியாருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்திருக்கும். தெருவுல பால்பல்லு விழாத பிள்ளைங்க வரைக்கும் முப்பத்தொண்ணு அக்கா.

போன வாரம் அவன் கடலுக்குப் போறதுக்கு முன்ன சோறு போட்டேன். "முப்பத்தொண்ணு, இன்னொரு துண்டு மீன் வை"ன்னான். சட்டியை மூடிட்டேன். "முப்பத்தொண்ணுக்கு எண்ணத் தெரியாது, ஒண்ணு வச்சதே ரெண்டுன்னு நினைச்சுக்கோ"ன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே போயிட்டான்.

மறுநாள் விடிஞ்சும் விடியாம மிக்கேல் மாமா வீட்டு வாசல்ல நிக்கார். அம்மாவோட தம்பி. அவர் மகன் ரூபனும் எங்க கிளாட்வினும் ஒரே போட்டுலதான் போவாங்க. ஃபைபர் போட்டு, சின்னது. மாமா அம்மாவைப் பார்க்காம என்னைப் பார்த்துச் சொன்னார்: "என்ஜின் நின்னுபோச்சாம். கயிறு விசிறியில சுத்திக்கிச்சு. போய் இழுத்துட்டு வாரேன், பயப்படாதீங்க."

பயப்படாதீங்கன்னு அவரே ரெண்டு தடவை சொன்னார். அப்பதான் கையில இருந்த தண்ணிக்குடத்தை இறக்கி வச்சேன். பாசத்துனால இல்ல. காலையில எதுவும் சாப்பிடல.

இங்க ஒண்ணு உங்களுக்குப் புரியணும், இல்லைன்னா மீதிக் கதை புரியாது. போட்டுல ஜி.பி.எஸ். பெட்டி ஒண்ணு இருக்கும், உள்ளங்கை அளவு. அதுல ரெண்டு வரி வரும். மேல் வரி வடக்கு, கீழ் வரி கிழக்கு. எங்க ஆளுங்க வடக்கு, கிழக்குன்னு சொல்ல மாட்டாங்க. மேல இவ்வளவு, கீழ இவ்வளவு. அதான் விலாசம். முன்னால வர்ற டிகிரி அந்தப் பக்கத்துக்கு எல்லாம் ஒண்ணுதான், அதைச் சொல்லவே மாட்டாங்க. ஒவ்வொரு எண்ணும் ஏறக்குறைய ஒரு கடல்மைல். மேல் நம்பர் குறைஞ்சா தெக்க போறான். கீழ் நம்பர் கூடினா கிழக்க போறான்.

ரூபன் முதல்ல சொன்னது மேல முப்பது, கீழ நாப்பத்திரண்டு. மாமா பெரிய போட்டை எடுத்துட்டுப் போனார். கரையில எங்க சங்கக் கட்டடம் இருக்கு, மாடியில உயரமாக் கம்பி நட்டு, கடல்ல இருக்கிற போட்டுங்களோட பேச மைக் செட்டு வச்சிருக்காங்க. பெலிக்ஸ் அண்ணன்தான் அதுக்கு ஆளு. வந்த நம்பரைச் சுவத்துல சாக்பீஸால எழுதினான். அதிகாரிங்களுக்கும் தகவல் சொல்லியாச்சு, கிளம்பிட்டோம்னாங்க. ஆனா யாரு கிளம்பினாலும் எங்க போறதுன்னு ஒரு இடம் வேணும்ல? நின்ன போட்டு நின்ன இடத்துல நிக்காது. அங்க நங்கூரம் எட்டாத ஆழம். கச்சான் காத்து மேற்கயிருந்து அடிச்சு கிழக்க தள்ளுது, அடியில ஓடுற தண்ணி தெக்க இழுக்குது.

மாமா போயிட்டிருக்கும்போதே ரூபன் ரெண்டாந்தடவை பேசினான். மேல இருபத்தேழு, கீழ நாப்பத்தெட்டு. பெலிக்ஸ் அண்ணன் அதையும் எழுதினான். மாமா அங்க திருப்பினார். போய்ச் சேர மத்தியானம் தாண்டிடுச்சு. அதுக்குள்ள அங்கயும் இல்ல. எப்படி இருப்பானுவ?

அம்மா சங்கத்துப் படியில உக்காந்து ஜெபமாலை உருட்டிக்கிட்டிருந்தா. பொம்பளைங்க எல்லாரும் அங்கதான். எனக்கு உக்காந்திருக்க முடியாது. மாடிக்குப் போனேன். பெலிக்ஸ் அண்ணன் "நீ எதுக்கு இங்க? கீழ போ"ன்னான். போகல. அப்பதான் மைக்குல மாமா குரல்.

"பெலிக்சு, பெலிக்சு, கேக்குதா?"

"கேக்குது மாமா."

"ரூபன் இப்ப லைன்ல வந்தான். போட்டு அடியில வெடிப்பு விட்டு தண்ணி ஏறுதாம்ல. அள்ளி அள்ளி ஊத்துதானுவளாம். மேல இருபத்தஞ்சு. கீழ..."

"கீழ?"

"கீழன்னான். அதோட போச்சு. பேட்டரி செத்துருச்சு போல. உனக்குக் கேட்டுச்சால? கீழ எவ்வளவுன்னு உனக்குக் கேட்டுச்சா?"

கேக்கல. எங்க யாருக்கும் கேக்கல. பெலிக்ஸ் அண்ணன் சுவத்துல 'மேல 25, கீழ'ன்னு எழுதினான். எழுதிட்டுச் சாக்பீஸை அப்படியே சுவத்துல வச்சுக்கிட்டு நின்னான். அந்த இடம் காலியா இருந்தது.

நான் அந்தச் சுவத்தைப் பார்த்தேங்க்கா. மூணு வரி. ரெண்டு வரி முழுசா, மூணாவதுல பாதி. அடப்பாவி, இது அந்தக் கணக்கு. அதே கணக்கு. கடலுக்குள்ள போய் எனக்கு கே வச்சிருக்கான்.

மாமா கத்திக்கிட்டிருந்தார். "நான் மேல இருபத்தஞ்சுக்கு இறங்கி, மேற்கயிருந்து கிழக்க தேடிக்கிட்டே போறேன்."

"மாமா, டீசல்?"

"டீசலைப் பத்தி எனக்குத் தெரியாதா? வேற என்னலே செய்யச் சொல்லுத?"

அவர் சொன்னதுல தப்பில்ல. ஆனா தேடிக்கிட்டே போனா நேரமாகும். அதுக்குள்ள அவனுங்க இன்னும் நகருவானுங்க, முங்கிக்கிட்டே. தண்ணி ஏறின போட்டு அலைக்குள்ள பதுங்கிரும், பக்கத்துல போனாத்தான் கண்ணுக்குத் தெரியும்.

"காத்து மாறுச்சான்னு கேளு"ன்னேன் பெலிக்ஸ் அண்ணன்கிட்ட.

"ஏட்டி, போ அங்கிட்டு."

"காத்து மாறுச்சான்னு கேளு, இல்ல மைக்கை எங்கிட்ட கொடு."

கேட்டான். மாமா, "காத்தும் மாறல, தண்ணியும் மாறல, காலையிலயிருந்து ஒரே பிடிதான்"ன்னார். அப்ப நேர்கோடு. ஒரே காத்து, ஒரே தண்ணி, ஒரே கோடு. சாக்பீஸைப் பிடுங்கினேன். மனசுக்குள்ள கடகடன்னு போட்டேன். வந்துச்சு. காலி இடத்துல 49ன்னு எழுதிட்டு மைக்கைப் பிடிச்சுச் சொன்னேன்.

"மாமா, டெல்பினா பேசுறேன். கீழ நாப்பத்தொம்பது. மேல இருபத்தஞ்சு, கீழ நாப்பத்தொம்பது. போங்க."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"நீ எப்படிச் சொல்லுத?"

"கணக்குப் போட்டேன்."

அப்புறம் மாமா சொன்னார்: "போட்டைத் திருப்பிட்டேன்ட்டி. திருப்பிட்டேன். ஆனா எப்படி வந்துச்சுன்னு சொல்லு. சும்மா ஒரு நம்பரைச் சொன்னா நான் எப்படிப் போவேன்? அங்க ரெண்டு உசுரு கிடக்கு."

பாருங்க, இதுதான். ஸ்டெப்பு. கடல் நடுவுல நின்னுக்கிட்டு அந்த மனுஷன் எங்கிட்ட ஸ்டெப்பு கேக்குறார். எனக்கு எரிச்சல் வந்துச்சு. ஆனாலும் சொல்ல ஆரம்பிச்சேன். "முதல்ல மேல முப்பது, அப்புறம் இருபத்தேழு. மூணு குறைஞ்சது. கீழ நாப்பத்திரண்டு, அப்புறம் நாப்பத்தெட்டு. ஆறு கூடிச்சு. மூணு இறங்க ஆறு கிழக்க. இப்ப மேல இருபத்தேழுலயிருந்து இருபத்தஞ்சு. ரெண்டு இறங்கியிருக்கு. அப்ப கிழக்க..."

அங்க நின்னுபோச்சு. மூணு இறங்க ஆறு போனவன், ரெண்டு இறங்க எப்படி ஒண்ணு மட்டும் போவான்?

மறுபடி மாத்திட்டேன். ஒரு இடத்துல மேல கீழ, இன்னொரு இடத்துல கீழ மேல. பரீட்சையில பண்ண அதே வேலை. அங்க நாலு மார்க். இங்க...

"என்னட்டி பேச்சையே காணோம்?"

மேசையில பெலிக்ஸ் அண்ணனோட ஜி.பி.எஸ். பெட்டி கிடந்தது. நான் அதுவரைக்கும் ஒண்ணைக்கூட பக்கத்துல பார்த்ததில்ல. எங்க ஊர்ல பொம்பளைங்களைப் போட்டுல ஏத்த மாட்டாங்க, பெட்டியைத் தொடவும் விட மாட்டாங்க. அதுல ரெண்டு வரி எரிஞ்சுக்கிட்டிருந்தது. மேல வடக்கு. கீழ கிழக்கு. நடுவுல மெல்லிசா ஒரு கோடு. அக்கா, சத்தியமாச் சொல்றேன், பின்னம் மாதிரியே இருந்தது. ஒய் மேல, எக்ஸ் கீழ. எங்க அண்ணன், எங்க மாமா, எங்க ஊரு ஆம்பளைங்க எல்லாரும் தினம் மேல இவ்வளவு கீழ இவ்வளவுன்னு காதுபடக் கத்துறாங்க. நான் வகுப்புல உக்காந்து அதையே கத்தியிருக்கேன். ரெண்டும் ஒண்ணுன்னு எனக்குத் தோணவே இல்ல.

சுவத்துல எழுதினேன். இந்தத் தடவை மனசுக்குள்ள போடல, எல்லாத்தையும் எழுதினேன். மேல மைனஸ் மூணு, கீழ ஆறு. சாய்வு மைனஸ் அரை. அடுத்து மேல மைனஸ் ரெண்டு, கீழ கே மைனஸ் நாப்பத்தெட்டு. அதுவும் மைனஸ் அரைதான் வரணும், ஒரே கோடுல்ல. அப்ப கே மைனஸ் நாப்பத்தெட்டு நாலு. கே அம்பத்திரண்டு.

மைக்கைப் பிடிச்சேன். "மாமா, நில்லுங்க. நான் சொன்னது தப்பு. அம்பத்திரண்டு."

நீங்க அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கணும். மாமா திட்டினதை இங்க சொல்ல முடியாது. பெலிக்ஸ் அண்ணன் மைக்கைப் பிடுங்கி, "மாமா, இவ சொல்றதைக் கேக்காதீங்க, இவ கணக்குல ஃபெயிலு"ன்னான்.

"ஆமா ஃபெயிலு!"ன்னு கத்தினேன். "அந்தக் கணக்குலதான் ஃபெயிலு. அதனாலதான் எங்க தப்பு வரும்னு எனக்குத் தெரியும். மாமா, ஸ்டெப்பு சொல்றேன், நீங்களே கேளுங்க. மூணு இறங்க ஆறு கிழக்க. அப்ப ஒண்ணு இறங்க ரெண்டு. ரெண்டு இறங்க?"

மாமா மெல்லச் சொன்னார்.

"நாலு."

"நாப்பத்தெட்டும் நாலும்?"

"அம்பத்திரண்டு." இன்னும் மெல்லச் சொன்னார். "போறேன்ட்டி."

அவர் என்னை நம்பிப் போகல. நம்பினார்னு ஊர்ல இப்ப சொல்றாங்க, பொய். வேற வழியில்லாமப் போனார்.

அதுக்கப்புறம் காத்திருக்கணும். எனக்குத் தெரியாத வேலை அது. நான் சுவத்துல இருந்த நாப்பத்தொம்பதை அழிச்சேன், அழிஞ்ச இடத்தையும் அழிச்சேன். கையெல்லாம் சாக்பீஸ். கீழ பொம்பளைங்க ஜெபம் சொல்ற சத்தம் ஏறும், இறங்கும். அம்மா மாடிக்கு வந்து கதவுகிட்ட நின்னா. சுவத்தைப் பார்த்தா. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தா.

மைக்கு கரகரத்தது.

"இருபத்தஞ்சு, அம்பத்திரண்டு. அதுக்கு மேலயே நிக்கேன்."

"மாமா?"

"ஒண்ணும் இல்லட்டி. தண்ணிதான் இருக்கு."

அம்மா கதவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா. பெலிக்ஸ் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். நான் அழல. கண்ணுல சாக்பீஸ் தூள்.

கணக்கு சரி, அது எனக்குத் தெரியும். இப்ப யாரு வந்து போட்டாலும் அம்பத்திரண்டுதான் வரும். அப்ப ஏன் ஆளு இல்ல? ஏன்? சுவத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன். எனக்குக் கோவம் அந்த லூர்து டீச்சர் மேலதான் வந்துச்சு. புத்தகத்துல கே எங்க போட்டமோ அங்கயே நிக்கும். நாம கண்டுபிடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கும். கடல்ல கே காத்திருக்காது! ரூபன் கீழன்னு சொன்ன நிமிஷத்துல அம்பத்திரண்டு. அதுக்கப்புறம் நான் தப்புப் போட்டு, திட்டு வாங்கி, திருத்தி, மாமா அவ்வளவு தூரம் ஓடி... அந்த நேரம் பூரா அவன் போய்க்கிட்டே இருந்திருக்கான்.

போகட்டும். எங்க போவான்? அதே கோட்டுலதானே?

"மாமா, திரும்பிராதீங்க."

"இனி என்னட்டி?"

"ஒண்ணு இறங்குங்க, ரெண்டு கிழக்க போங்க. அதே மாதிரி. கோட்டை விடாதீங்க. வடக்க தெக்க தேடாதீங்க. கோட்டு மேலயே போங்க."

"கிழக்க போனா கோடு வந்திரும்ட்டி!"

எங்க ஊர்ல கோடுன்னா ஒண்ணுதான்க்கா. கடல்ல ரெண்டு நாட்டுக்கும் நடுவுல இருக்கே, அது. யாரும் கண்ணால பார்த்ததில்ல, ஆனா பேரைச் சொன்னாலே ஆம்பளைங்க போட்டைத் திருப்பிருவாங்க. தாண்டினா போட்டும் போயிரும், ஆளும் திரும்பி வர மாசக்கணக்காகும்.

"அந்தக் கோடு வர இன்னும் இருக்கு மாமா. நான் சொல்றது என் கோடு."

"எம்புட்டுத் தூரம் போகச் சொல்லுத?"

உள்ளதைச் சொன்னேன். "தெரியாது. ஆனா கோடு சரி. அவன் அந்தக் கோட்டுலதான் இருக்கான். எங்கன்னுதான் தெரியாது."

மாமா மைக்கை வச்சுட்டார்.

அப்ப அம்மா கேட்டா. அதுவரைக்கும் எதுவுமே கேக்காதவ. "ஏட்டி, நெசமாவே அங்கதான் இருக்கானா?"

"ஆமா"ன்னேன்.

"ஆண்டவர் மேல ஆணையா?"

"சாய்வு மேல ஆணையா"ன்னேன். வாய்ல அதுதான் வந்துச்சு. அம்மா அது எந்தப் புனிதர்னு கேக்கல. சிலுவை போட்டுக்கிட்டா.

அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் வரல. ரொம்ப நேரமான்னு தெரியல, எனக்கு அப்படி இருந்தது. நான் பெலிக்ஸ் அண்ணன்கிட்ட, "செட்டு வேலை செய்யுதா?"ன்னேன். "செய்யுது"ன்னான். மறுபடி கேட்டேன். அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு மறுபடியும் "செய்யுது"ன்னான்.

மைக்குல முதல்ல வந்தது கெட்ட வார்த்தை.

நெசமாத்தான்க்கா. மாமா பொத்தானை அமுக்கிக்கிட்டே யாரையோ திட்டுறார். தாயை இழுத்து, தகப்பனை இழுத்து, பரம்பரையையே இழுத்துத் திட்டுறார். "ஏல, போட்டுல வெடிப்பு இருக்குன்னு தெரிஞ்சு எதுக்குலே எடுத்துட்டுப் போனீங்க, நாய்ங்களா! பிடில கயித்தை! ரெண்டு கையாலயும் பிடி!" கீழ படியில இருந்த பொம்பளைங்க எல்லாரும் மாடிக்கு ஓடிவந்து அந்தக் கெட்ட வார்த்தையைக் கேட்டுக்கிட்டு நிக்காங்க. ஒருத்தியும் காதைப் பொத்தல. செத்தவனை யாரும் அப்படித் திட்ட மாட்டாங்கல்ல. அம்மா அழுதுகிட்டே சிரிக்கா, "திட்டுல தம்பி, இன்னும் திட்டு"ங்கா.

பெலிக்ஸ் அண்ணன் கத்தினான், "மாமா, எங்க? நம்பரைச் சொல்லுங்க!"

"மேல இருபத்திநாலு. கீழ அம்பத்திநாலுக்கு ஒரு பொடி முன்ன."

ஒண்ணு இறங்க, ரெண்டு கிழக்க. நான் சுவத்துல எழுதல. சாக்பீஸ் கீழ விழுந்துருச்சு. பசிதான், காலையிலயிருந்து சாப்பிடலைன்னு சொன்னேன்ல.

கொஞ்ச நேரம் கழிச்சு மைக்குல இன்னொரு குரல். செத்துப்போன கோழி மாதிரி.

"யாரு கணக்குப் போட்டது?"

கிளாட்வின்.

மாமா சொல்றார்: "உன் தங்கச்சிதாம்ல."

"எவ்வளவு வந்துச்சாம்?"

"அம்பத்திரண்டுன்னா. போய்ப் பார்த்தேன், அங்க நீங்க இல்ல."

"அப்ப விடை தப்பு"ங்கான்.

அக்கா, அந்த நிமிஷம் எனக்கு வந்த கோவம் இருக்கே! சாகக் கிடந்தவன், விசிறியில சுத்தின கயித்தை இழுத்து இழுத்துக் கையில தோலே இல்ல, உப்புத்தண்ணி குடிச்சு வயிறு ஊதிக் கிடக்கான், அவன் என் பேப்பரைத் திருத்துறான். மைக்கைப் பிடுங்கினேன். "விடை தப்பில்லடா, நீதான் நகர்ந்துட்ட!"ன்னு கத்தினேன்.

அந்தப் பக்கம் இருமல். சிரிக்கிறானா இருமுறானா தெரியல. அப்புறம் சொன்னான்.

"சரி சரி. ஸ்டெப்பு சரியா இருக்கு. நாலு மார்க் போட்டாச்சு." மூச்சு வாங்கினான். "ஏட்டி முப்பத்தஞ்சு."

எல்லாரும் சிரிச்சாங்க. பெலிக்ஸ் அண்ணன் மேசையில தலையை வச்சுக்கிட்டுக் குலுங்கினான். நான் சிரிக்கல. மாடியை விட்டு இறங்கி, கட்டடத்துக்குப் பின்னால போய்ச் சுவத்தைப் பார்த்து நின்னேன். அங்க காத்து ஜாஸ்தி. கச்சான் காத்துல மணல் பறக்கும், கண்ணுல விழும். ரொம்ப நேரம் விழுந்துச்சு.

அவ்வளவுதான் கதை. அந்தா ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்துருச்சு.

இப்ப ஆஸ்பத்திரியில நர்சுகூட என்னைப் பார்த்தா, "முப்பத்தஞ்சு வந்தாச்சா?"ன்னு கேக்குது. எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கான். தெருப் பிள்ளைங்களும் மாத்திக்கிச்சுங்க, முப்பத்தஞ்சு அக்காவாம். எச்சக்கஞ்சன். உயிரைக் காப்பாத்தினவளுக்கு ஒரு நூறு போட்டா குறைஞ்சா போவான்? கணக்குப் பார்த்து, பாஸ் மார்க்குக்கு மேல ஒரு மார்க் போடல. அதைத்தான் இன்னைக்குப் போய்க் கேக்கப் போறேன்.

மறுபடி எழுதுவியான்னு நீங்க இன்னும் கேக்கல. நல்லவேளை. கேக்காதீங்க. லூர்து டீச்சர் முந்தாநாள் வீட்டுக்கு வந்து கேட்டாங்க, கதவை நான் பாதிதான் திறந்தேன். சாத்தினதும் பாதிதான்.

வாளியைக் கொடுங்க. ஆ, மெல்ல, மெல்ல. குழம்புல இருக்கிற துண்டுல முள்ளையெல்லாம் நானே எடுத்துட்டேன், ஒண்ணு விடாம. அவ்வளவு துண்டையும். ரெண்டு கையிலயும் கட்டை வச்சுக்கிட்டு அவன் எப்படி முள்ளு எடுப்பான்? பாசமெல்லாம் இல்லக்கா, சொன்னேன்ல. முள்ளு மாட்டிச் செத்துகித்துப் போயிட்டான்னா, மீதி அறுபத்தஞ்சு மார்க்கை நான் யாருகிட்ட போய்ச் சண்டை போட்டு வாங்குவேன்?